காதால் படிக்கும் ஸ்கேன்

எலுமிச்சம்பழம் என்ன வடிவம் என்று நம் ஊரில் யாரைக் கேட்டாலும் உருண்டை என்பார்கள். புது வண்டியின் சக்கரத்துக்கு அடியில் வைத்து நசுக்குவதும், அம்மனுக்கு மாலையாகக் கோப்பதும் அந்த உருண்டையைத்தான். லண்டன் கடைகளில் லெமன் என்று விற்பது வேறு பழம். நீளவாட்டமாக இருக்கும், முனையில் மூக்கு வைத்தாற்போல் ஒரு கூம்பல் இருக்கும். இந்த வித்தியாசத்தைப் பற்றி நம்மில் யாரும் கவலைப்பட வேண்டியதில்லை, கருவின் தலையை ஸ்கேனில் பார்க்கக் கற்றுக்கொள்ளும் மருத்துவரைத் தவிர.

1986-ல் லண்டன் கிங்ஸ் காலேஜ் மருத்துவமனையில் இருந்த கிப்ரோஸ் நிக்கோலைடீஸ், ஸ்டூவர்ட் கேம்ப்பெல் ஆகியோர் உள்ளிட்ட குழு 'லான்செட்' இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டது. ஸ்பைனா பிஃபிடா எனப்படும், முதுகுத்தண்டு மூடாமல் போன குறையுள்ள கருக்களின் தலையில் அவர்கள் இரண்டு அடையாளங்களைக் கண்டிருந்தார்கள். குறுக்குவெட்டில் பார்த்தால் நெற்றியெலும்பு இரு பக்கமும் உள்வாங்கி, முன்பக்கம் கூம்பியிருந்தது. அதற்கு லெமன் என்று பெயரிட்டார்கள். சிறுமூளை தன் வழக்கமான வடிவத்தை இழந்து, வளைந்து, மூளைத்தண்டை அணைத்தபடி கிடந்தது. அது வாழைப்பழம். முதுகில் உள்ள திறப்பு வழியாகத் தண்டுவட நீர் கசிவதால் மண்டைக்குள் அழுத்தம் குறைகிறது, பின்மூளை கீழே இழுபடுகிறது. குறை முதுகில் இருந்தாலும் தடயம் தலையில் தெரிவது அதனால்தான். அதுவரை முதுகெலும்பை முள் முள்ளாகப் பார்த்துத் தேடியவர்களுக்கு இது எவ்வளவு பெரிய வசதி என்று சொல்ல வேண்டியதில்லை.

கற்பிக்கும் ஆசிரியர் படத்தைக் காட்டிவிட்டால் எந்தப் பழம் என்ற குழப்பமே வராது. படமில்லாமல் சொல்லிக்கொடுத்தால் வரும். இன்று அப்படிச் சொல்லிக்கொடுக்கிறார்கள். பெண்கள் நல ஸ்கேன் துறையின் மருத்துவச் சங்கங்கள் இதழ், மாநாடு, பயிற்சி வகுப்பு என்ற பழைய வழிகளோடு இப்போது பாட்காஸ்ட்டையும் சேர்த்துக்கொண்டிருக்கின்றன. ஒரு வழிகாட்டுதலை எழுதியவரையோ ஓர் ஆய்வை நடத்தியவரையோ உட்காரவைத்து இன்னொரு மருத்துவர் கேள்வி கேட்பார். அந்த உரையாடலை வேறொரு மருத்துவர் இரவுப் பணி முடிந்து வீட்டுக்குப் போகும் வழியில் காதில் மாட்டிக்கொண்டு கேட்பார். கண்ணை மட்டுமே நம்பும் தொழில் என்று நாம் நினைக்கும் ஒன்றைக் காதால் கற்பது என்பது, நீச்சலைத் தபால் வழியில் படிப்பது போலத் தோன்றலாம். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது.

இதில் பாதி உண்மைதான். உடலில் வைத்துப் பார்க்கும் கருவிமுனையான புரோப்பை எவ்வளவு சாய்ப்பது, எங்கே அழுத்துவது, வயிற்றுக் கொழுப்பு தடித்திருந்தால் எந்தப் பக்கத்திலிருந்து போவது என்பதெல்லாம் கைப்பழக்கம். அதை எந்தக் குரலும் சொல்லித்தர முடியாது. ஆனால் கையும் கண்ணும் வேலையை முடித்த பிறகு ஒரு மிச்சம் இருக்கிறது. பார்த்ததை என்ன பெயர் சொல்லி எழுதுவது? அடுத்த மருத்துவரிடம் எப்படிச் சொல்வது? மேசையில் படுத்திருக்கும் பெண்ணிடம் என்ன பேசுவது? இந்தத் துறையில் நடந்த பெரிய தவறுகளும் பெரிய திருத்தங்களும் பல சமயம் இந்த மிச்சத்தில்தான் நடந்திருக்கின்றன. அதனால்தான் பாட்காஸ்ட் இங்கே எதிர்பாராமல் பொருந்திப் போகிறது.

துறை பிறந்த கதையைப் பார்த்தாலே இது புரியும். கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் மகப்பேறியல் பேராசிரியராக இருந்த இயன் டொனால்ட், 1955 ஜூலையில் ரென்ஃப்ரூ நகரிலிருந்த பாப்காக் அண்ட் வில்காக்ஸ் கொதிகலன் தொழிற்சாலைக்குப் போனார். காரின் பின்பெட்டியில், அறுவைசிகிச்சையில் எடுத்த கர்ப்பப்பைத் தசைக்கட்டிகளும் சினைப்பைக் கட்டிகளும் இருந்தன. கொதிகலனின் பற்றவைப்பில் விரிசல் இருக்கிறதா என்று ஒலியலையால் சோதிக்கும் கருவி அங்கே இருந்தது. அதை அவர் கட்டிகளின் மேல் வைத்துப் பார்த்தார். ஒப்பிட்டுப் பார்க்க, தொழிற்சாலைக்காரர்கள் ஒரு பெரிய மாட்டிறைச்சித் துண்டு தந்தார்கள். நீர் நிறைந்த கட்டியும் திடமான கட்டியும் திரையில் வேறு வேறு மாதிரி எதிரொலித்தன. பிறகு டாம் பிரவுன் என்ற இளம் பொறியாளரும் ஜான் மக்விக்கர் என்ற மருத்துவரும் சேர்ந்துகொள்ள, மூவரும் 1958 ஜூன் 7 'லான்செட்' இதழில் தங்கள் முடிவுகளை வெளியிட்டார்கள்.

அந்த நாட்களில் வந்த நோயாளிகளில் வயிறு வீங்கிய ஒரு பெண்மணி இருந்தார். இரைப்பைப் புற்றுநோய், முற்றிவிட்டது, அறுவைசிகிச்சையால் பயனில்லை என்று முடிவுகட்டியிருந்தார்கள். வீக்கத்துக்குக் காரணம் வயிற்றில் கோத்த நீர் என்று கருதப்பட்டது. டொனால்ட் குழு கருவியை வைத்துப் பார்த்தபோது திரை வேறு கதை சொன்னது. நீர் வயிறெங்கும் பரவியிருக்கவில்லை, ஓர் எல்லைக்குள் அடங்கியிருந்தது. அது மிகப் பெரிய சினைப்பை நீர்க்கட்டி. எடுத்தார்கள், புற்றல்லாத கட்டி, அந்தப் பெண் பிழைத்தார். அன்றைய திரையில் தெரிந்தது இன்றைய படத்தோடு ஒப்பிட்டால் வெறும் கிறுக்கல். அந்தக் கிறுக்கலிலிருந்து 'பரவிய நீர்', 'அடங்கிய நீர்' என்ற இரண்டு விவரிப்புகளில் எது சரி என்று தேர்ந்ததுதான் அவர் உயிரைக் காத்தது.

நாற்பது ஆண்டுகளில் கருவிகள் எங்கேயோ போய்விட்டன. விவரிப்பு அவ்வளவு முன்னேறவில்லை. 1990கள் முடியும்வரை ஒரே சினைப்பைக் கட்டியை ஒரு மருத்துவமனையில் 'காம்ப்ளக்ஸ் சிஸ்ட்' என்று எழுதினார்கள், இன்னொன்றில் 'திடப்பகுதி உள்ள கட்டி', மூன்றாவதில் 'சந்தேகத்துக்குரியது'. இந்த மூன்றும் ஒன்றா வேறா என்று யாருக்கும் தெரியாது. இப்படியிருக்கும்போது பத்து மருத்துவமனைகளின் முடிவுகளைச் சேர்த்து எந்த ஆய்வும் செய்ய முடியாது. பெல்ஜியத்தின் டிர்க் டிம்மர்மன், ஸ்வீடனின் லில் வாலென்டின், லண்டனின் டாம் பார்ன் ஆகியோர் 1999-ல் தொடங்கிய, சினைப்பைக் கட்டிகளை ஆராயும் சர்வதேச அயோட்டா குழு முதலில் செய்த வேலை ஒரு சொற்பட்டியல் தயாரித்ததுதான். 2000-ல் 'அல்ட்ராசவுண்ட் இன் அப்ஸ்டெட்ரிக்ஸ் அண்ட் கைனகாலஜி' இதழில் அது வந்தது. சர்வதேச மகப்பேறு, மகளிர் ஸ்கேன் சங்கமான ஐஎஸ்யுஓஜியின் இதழ் அது. 1991-ல் தொடங்கப்பட்டது, அட்டையின் நிறத்தால் 'வெள்ளை இதழ்' என்று செல்லப்பெயர் பெற்றது.

அந்தப் பட்டியல் எவ்வளவு கறாரானது என்று ஓர் உதாரணம். நீர்க்கட்டியின் உள்சுவரிலிருந்து ஒரு சின்ன மேடு உள்ளே நீட்டிக்கொண்டிருக்கிறது. அதைக் காம்புமுளை என்று சொல்லலாமா, வெறும் சுவரின் சொரசொரப்பு என்று விட்டுவிடலாமா? உயரம் 3 மில்லிமீட்டர் இருந்தால் காம்புமுளை, குறைந்தால் சொரசொரப்பு. ரத்த ஓட்டத்துக்கு 1 முதல் 4 வரை மதிப்பெண். உள்ளிருக்கும் திரவம் எப்படித் தெரிகிறது என்பதற்கும் நிர்ணயித்த சொற்கள் உண்டு. அவற்றில் ஒன்று 'கிரவுண்ட் கிளாஸ்', அதாவது நம் குளியலறை ஜன்னலில் இருக்கும் மங்கிய கண்ணாடி. கர்ப்பப்பையின் உட்சவ்வு போன்ற திசு அதற்கு வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸில் சினைப்பைக்குள் பழைய ரத்தம் தேங்கிய கட்டி அப்படித்தான் ஒரே சீராக மங்கித் தெரியும். அறுத்தால் உள்ளே சாக்லேட் நிறம். இப்படிச் சொற்கள் நிலைத்த பிறகுதான் 2008-ல் 'எளிய விதிகள்' வந்தன. புற்றல்ல என்பதற்கு 5 அடையாளங்கள், புற்று என்பதற்கு 5. ஒரு பக்கத்து அடையாளம் மட்டும் இருந்தால் முடிவு தெளிவு. இரண்டும் இருந்தாலோ ஒன்றுமே இல்லையென்றாலோ, தேர்ந்தவரிடம் அனுப்ப வேண்டும். சுமார் முக்கால் பங்குக் கட்டிகளை இந்தப் பத்தைக் கொண்டே வகைப்படுத்திவிட முடிந்தது. 2014-ல் வந்த அட்னெக்ஸ் கணிப்புமுறை வயது, சிஏ-125 ரத்தப் பரிசோதனை உட்பட 9 விவரங்களை வைத்துக் கணக்குப் போட்டு, புற்றுக்கான சாத்தியத்தையும் புற்றின் வகையையும் சொல்கிறது.

இதை ஒரு பாட்காஸ்ட்டில் கேட்கும்போது படம் இல்லாத குறை பெரிதாகத் தெரிவதில்லை. "ஒற்றை அறை, உள்ளே மங்கிய கண்ணாடி, காம்புமுளை இல்லை, ரத்த ஓட்டம் 1" என்று ஒருவர் சொன்னால் கேட்பவர் மனத்திரையில் அந்தக் கட்டி வந்துவிடுகிறது. தொலைபேசியில் நள்ளிரவு ஜூனியர் சொல்வதைக் கேட்டு அறுவைசிகிச்சை வேண்டுமா வேண்டாமா என்று முடிவெடுக்கும் சீனியருக்கும் இதே பயிற்சிதான் தேவை. படத்தைப் பார்க்காமலே கட்டி புரிகிறதா என்பது, சொல் சரியாக இருக்கிறதா என்பதற்கு நல்ல சோதனை. 'காம்ப்ளக்ஸ் சிஸ்ட்' இந்தச் சோதனையில் தேறாது. நம் ஊர் ரிப்போர்ட்டுகளில் அது இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

அசைவையும் வாயால் சொல்ல முடியும். எண்டோமெட்ரியோசிஸ் முற்றினால் கர்ப்பப்பையும் மலக்குடலும் ஒட்டிக்கொள்ளும். இதைப் பிறப்புறுப்பு வழி ஸ்கேனில் கண்டுபிடிக்க ஓர் எளிய வழி உண்டு. புரோப்பால் கர்ப்பப்பை வாயை மெல்ல அழுத்தி, மலக்குடல் அதன் பின்புறத்தில் வழுக்கிப் போகிறதா என்று பார்க்க வேண்டும். ஈரமான இரண்டு கண்ணாடித் தகடுகளைப் போல நகர்ந்தால் நல்லது. பசை போட்டாற்போல் இரண்டும் சேர்ந்தே நகர்ந்தால் ஒட்டல். 2016-ல் வெளிவந்த சர்வதேச ஒப்பந்தம் இந்த வழுக்கல் சோதனையை நான்கு படிகளில் ஒன்றாகச் சேர்த்தது. உறைந்த படத்தில் இது தெரியவே தெரியாது. அச்சிட்ட பாடநூலைவிட, செய்துபார்த்த ஒருவர் பேசிக் கேட்பது இங்கே கூடுதல் பயன் தரும்.

சொல்லின் கூர்மை ஒரு மில்லிமீட்டரில் வந்து நிற்கும் இடம் ஒன்று உண்டு. நம் ஊரில் ஆறாவது, ஏழாவது வாரத்தில் ஸ்கேனுக்குப் போகும் பெண் எதைக் கேட்கப் பயப்படுகிறாள் என்று எல்லோருக்கும் தெரியும்: "ஹார்ட் பீட் இன்னும் வரல." அதற்கு அடுத்த வாக்கியம் "பத்து நாள் கழிச்சு வாங்க" என்று இருக்கலாம், "சுத்தம் பண்ணிடலாம்" என்றும் இருக்கலாம். இரண்டுக்கும் நடுவிலான எல்லைக்கோடு எங்கே? பிரிட்டனில் 2011 வரை கருவின் நீளம் 6 மில்லிமீட்டர் இருந்தும் துடிப்பு இல்லையென்றாலோ, கருவைச் சூழ்ந்த பையின் சராசரி விட்டம் 20 மில்லிமீட்டர் இருந்தும் உள்ளே கரு தென்படவில்லையென்றாலோ கரு நிற்கவில்லை என்று முடிவு செய்தார்கள். அமெரிக்காவில் இந்த அளவு இன்னும் சிறியது, 5-ம் 16-ம். இந்த எண்கள் எதிலிருந்து வந்தன என்று டாம் பார்னும் சகாக்களும் தோண்டிப் பார்த்தார்கள். மிகச் சில கர்ப்பங்களை வைத்து எப்போதோ எழுதியவை. மேலும், ஒரே கருவை இரண்டு பேர் அளந்தால் இரண்டு விடை வருகிறது. 6 என்று ஒருவர் அளந்ததை இன்னொருவர் சற்றுக் கூடவோ குறையவோ அளக்கலாம். திரையில் இரண்டு புள்ளி வைத்து நடுவே கோடு இழுக்கும் வேலை அது. புள்ளி ஒரு மயிரிழை நகர்ந்தால் போதும்.

2011-ல் வெள்ளை இதழில் அந்த ஆய்வுகள் வந்ததும் பிரிட்டன் எல்லையை 7-க்கும் 25-க்கும் உயர்த்தியது. 2013-ல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் வந்த அறிக்கை வழியாக அமெரிக்காவும் அதே எண்களுக்கு வந்தது. இந்த இரண்டு மாற்றங்களுக்கும் முன்பே அயர்லாந்தில் கரு கலைந்துவிட்டது என்று சொல்லப்பட்ட ஒரு பெண் இன்னொரு ஸ்கேன் எடுத்துப் பார்க்க, துடிப்பு இருந்தது, குழந்தையும் பிறந்தது. செய்தி வெளியானதும் அரசு நாடு முழுக்க விசாரணை நடத்தியது. இந்த மாற்றத்தின் போது வெறும் எண்கள் மட்டும் மாறவில்லை. 'வாழும் நிலை உறுதியாகவில்லை', 'இருப்பிடம் தெரியாத கர்ப்பம்' என்ற சொற்களுக்கு மருத்துவக் குறிப்பேட்டில் மரியாதையான இடம் கிடைத்தது. தெரியவில்லை என்று எழுதுவது திறமைக்குறைவு என்று நினைத்தவர்களைப் பொறுத்தவரை இது சின்ன விஷயமில்லை.

காது என்றதும் பலருக்கு டாப்ளர்தான் நினைவுக்கு வரும். குதிரை ஓட்டம் போல ஒலிக்கும் கருவின் துடிப்பு. தாத்தா பாட்டிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவதற்கென்றே பலர் கேட்டு வாங்கிப் பதிவு செய்கிறார்கள். இங்கே ஒரு முரண் இருக்கிறது. முதல் மூன்று மாதத்தில் அந்த ஒலியை வழக்கமாக எழுப்பக் கூடாது என்பதுதான் ஐஎஸ்யுஓஜியின் பரிந்துரை. பல்ஸ்டு டாப்ளர் ஒரே சிறு இடத்தில் ஆற்றலைக் குவிக்கிறது, திசு சூடேறலாம். 11 முதல் 14 வாரத்துக்குள் மருத்துவக் காரணம் இருந்தால் மட்டும் பயன்படுத்தலாம், அப்போதும் வெப்பக் குறியீடு 1-ஐத் தாண்டாமல், 5 முதல் 10 நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும். துடிப்பு இருக்கிறதா என்று தெரிய எம்-மோடு என்ற முறை போதும். அது அலைக்கோடு மட்டும் வரையும், சத்தம் போடாது. தீங்கு நேர்ந்ததற்குச் சான்று உண்டா என்றால் இல்லை. ஆனாலும் சங்கம் எச்சரிக்கையின் பக்கம் நிற்கிறது. குடும்பம் எதிர்பார்க்கும் ஒலிக்கும் மருத்துவர் தரக்கூடிய அமைதிக்கும் இடையே ஒரு விளக்கம் தேவைப்படுகிறது. அதையும் யாராவது சொல்லிக்கொடுக்கத்தான் வேண்டும்.

ஸ்கேன் அறையின் அமைதி வேறு விதத்திலும் பயமுறுத்தும். மருத்துவர் திரையைப் பார்த்தபடி பேசாமல் இருந்தால் படுத்திருப்பவள் ஒவ்வொரு நொடியையும் எண்ணுவாள். 1980களின் தொடக்கத்தில் கேம்ப்பெல் குழு இதையே ஆராய்ந்தது: ஒரு பகுதியினருக்குத் திரையைக் காட்டி விளக்கினார்கள், மற்றவர்களுக்குக் காட்டவில்லை. காட்டிப் பேசியதன் நன்மை தெரிந்தது. இன்று பிரிட்டனில் ஸ்கேன் எடுப்பவர்கள் தொடங்கும்போதே "கொஞ்ச நேரம் பேசாமல் பார்ப்பேன், அதனால் ஏதோ பிரச்சினை என்று நினைக்க வேண்டாம்" என்று சொல்லிவிடக் கற்றுக்கொள்கிறார்கள்.

இதே பாடத்தைச் சென்னையிலோ மதுரையிலோ கேட்கும் மருத்துவருக்கு ஒரு சிக்கல் உண்டு. இங்கே திரையைக் காட்டிப் பேசுவதில் சட்டம் குறுக்கே நிற்கிறது. கருவின் பாலினத்தை அறிவதைத் தடுக்க 1994-ல் இயற்றிய சட்டம், பெண்ணிடமோ உறவினரிடமோ பாலினத்தைச் சொல்லால், சைகையால், வேறு எந்த வழியாலும் தெரிவிக்கக் கூடாது என்கிறது. ஒவ்வொரு கர்ப்ப ஸ்கேனுக்கும் எஃப் படிவம் நிரப்ப வேண்டும். அதில் பிழை இருந்தால் வெறும் எழுத்துப் பிழை என்று தள்ளிவிட முடியாது என்று 2019-ல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. சட்டம் ஏன் வந்தது என்பது தமிழர்களுக்குப் புதிதல்ல. 2001 கணக்கெடுப்பில் சேலம் மாவட்டத்தில் ஆறு வயதுக்குட்பட்ட 1000 ஆண் குழந்தைகளுக்கு 851 பெண் குழந்தைகள்தான் இருந்தார்கள். தொட்டில் குழந்தைத் திட்டம் அந்த மாவட்டத்தில்தான் 1992-ல் தொடங்கியது. ஆகவே, நம் மருத்துவர் பேசும்போது இரட்டைக் கவனத்தோடு பேச வேண்டியிருக்கிறது. பலர் அதற்குப் பதில் பேசாமலே இருந்துவிடுகிறார்கள். திரையைத் திருப்பி வைத்து, கையை வேகமாக ஓட்டி, "எல்லாம் நல்லாருக்கும்மா" என்று முடித்துவிடுவது பாதுகாப்பானது. சட்டம் தடுப்பது ஒரே ஒரு தகவலை; அறையில் நின்றுபோவது பேச்சு முழுவதும். லண்டனில் பதிவான உரையாடல் இதற்கு விடை தராது. அந்த விடையைத் தமிழில் இங்குள்ளவர்கள்தான் பேசி உருவாக்க வேண்டும்.

தமிழில் பேச வேண்டிய இன்னொன்றும் இருக்கிறது. நம் பேச்சில் எல்லாமே 'கட்டி'. தசைக்கட்டி, நீர்க்கட்டி, சீழ்க்கட்டி, புற்றுக்கட்டி, கொழுப்புக்கட்டி. சினைப்பை ஸ்கேனில் இது பெரிய குழப்பம் செய்கிறது. பிசிஓஎஸ் என்ற ஹார்மோன் கோளாறில் சினைப்பையின் ஓரமாகச் சிறு சிறு பைகள் வரிசையாகத் தெரியும். கோத்த முத்துமாலை என்பார்கள். அவை முட்டை வளரும் பைகள், வளர்ச்சி நின்று காத்திருப்பவை. நோயாகச் சேர்ந்த எதுவும் உள்ளே இல்லை. 2003 ரோட்டர்டாம் வரையறையில் 2 முதல் 9 மில்லிமீட்டர் அளவில் 12 பைகள் இருந்தால் போதும் என்றிருந்தது. கருவிகள் கூர்மையாகி எல்லோருக்கும் நிறையப் பைகள் தெரியத் தொடங்கியதும் 2018 சர்வதேச வழிகாட்டுதல் அதை 20-ஆக உயர்த்தியது. பூப்பெய்தி எட்டு ஆண்டுகள் ஆகாத பெண்களுக்கு இந்த நோயறிதலுக்காக ஸ்கேனே எடுக்க வேண்டாம் என்றும் அது சொன்னது, ஏனென்றால் அந்த வயதில் இப்படித் தெரிவது இயல்பு. 2023 வழிகாட்டுதலும் வளரிளம் பெண்களுக்கு இதற்காக ஸ்கேனைப் பரிந்துரைக்கவில்லை.

இருந்தும், மாதவிலக்கு சரியாக வரவில்லை என்று பதினைந்து வயதுப் பெண்ணை அழைத்துப் போகிறார்கள். ஸ்கேன் எடுக்கப்படுகிறது. ஆங்கில ரிப்போர்ட்டில் 'பாலிசிஸ்டிக் ஓவரியன் மார்பாலஜி' என்று இருக்கும், அது சினைப்பையின் தோற்றத்தைப் பற்றிய விவரிப்பு மட்டுமே. அறையில் வாய்வழியாக வருவது "ரெண்டு பக்கமும் நீர்க்கட்டி இருக்கு" என்பது.

"கட்டின்னா ஆபரேஷன் பண்ணணுமா டாக்டர்?" என்று அம்மா கேட்கிறார்.

"இல்லம்மா, மாத்திரைலயே சரியாயிடும்" என்று பதில் வருகிறது. அந்தப் பெண் ரிப்போர்ட்டைப் பிரித்து, கறுப்பு வட்டங்கள் வரிசையாக இருக்கும் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, விரலால் ஒன்று இரண்டு என்று எண்ணத் தொடங்குகிறாள்.